கிதாருக்கு எலும்பு நட்டும் சேடிலும்: தேர்வும் சாயமும்

கிதார்த் தந்திகள் படியும் இரு சிறு பட்டைகளான, கழுத்தின் தலைப்பக்க நட்டுக்கும் உடலின் மேலுள்ள சேடிலுக்கும் எருமையின் கால் எலும்பையே நான் விரும்புகிறேன். வேலூரிலோ மேல்விஷாரத்திலோ இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து, பஞ்சு போன்ற மூட்டுப் பகுதியைத் தவிர்த்து, சுவர் தடித்த நடுத்தண்டை மட்டும் அறுத்து வாங்குங்கள்.

கொழுப்பை நீக்குவதில்தான் பொறுமை வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த நீரில், கொதிக்கவிடாமல் மிதமான சூட்டில் வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, நீர் தெளிவாகும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டதில், சாயம் ஏறாத எண்ணெய்த் திட்டுகள் நடுவிலேயே நின்றுவிட்டன. வெளுக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். குளோரின் பிளீச் எலும்பையே அரித்துவிடும்.

நிழலில் நன்றாக உலர்த்தி, தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசம் அணிந்து, சேடிலை ஏறக்குறைய 3 மி.மீ., நட்டை 6 மி.மீ. தடிமனுக்கு உப்புத்தாளில் தேயுங்கள். சாயம் மேல்தோலோடு நிற்பதால், தந்திப் பள்ளங்களையும் முன்பே வெட்டிவிட வேண்டும்.

பழைய யானைத்தந்த நிறத்துக்குக் கெட்டியான டீ டிகாக்‌ஷனே சிறந்தது. அதை வெதுவெதுப்பாக ஊற்றி ஊறவைத்து, மணிக்கொருமுறை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். ஈரத்தில் நிறம் அடர்ந்து தெரியும் என்பதால், வேண்டிய நிறம் வந்ததாகத் தோன்றும்போதே நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஊறவிடலாம். உலர்ந்தபின் பருத்தித் துணியால் மெருகிடுங்கள்.