ரைகரின் காலும் கல்சியம் போத்தலும்

பரந்தனில் எங்கள் வீட்டுக்கு ரைகர் வந்தபோது இரண்டரை மாத அல்சேஷன் நாய்க்குட்டி. பெரிய இனம், எலும்பு பலக்க வேண்டும் என்று பெரியப்பா சொல்ல, குட்டிகளுக்கான பை உணவோடு தினமும் கல்சியம் பாணியும் ஊற்றினேன். நான்காம் மாதம் முன்னங்கால்கள் வளைந்து, நொண்டத் தொடங்கினான். பார்க்கவே நெஞ்சு பதறியது.

கிளிநொச்சியில் மிருக வைத்தியர் முதலில் விசாரித்ததே அந்தப் பாணியைத்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் உடம்புக்கு மிகுதிக் கல்சியத்தைத் தள்ளிவிட முடியாது. அது எலும்பு வளர்ச்சியைக் குழப்பிவிடும். அதிகம் ஊட்டிக் கொழுக்க வைப்பதும் கெடுதல்தான்.

சரி, பாணியை அன்றே நிறுத்தினேன். அப்புறம் பையின் பின்பக்கத்தை வாசிக்கப் பழகினேன். பெரிய இனக் குட்டிகளுக்கானது என்று இருக்க வேண்டும், கல்சியம் 1.2 சதவீதத்தை ஒட்டி, பொஸ்பரசைவிடச் சற்றுக் கூடவாக. 1.8ஐத் தாண்டினால் தொடுவதில்லை. வவுனியாவரை போய்த்தான் வாங்கினேன், விலையும் கூட. வெறும் சோறும் இறைச்சியும் என்றால் கல்சியம் குறைந்து, அதனாலும் கால் வளையலாம்.

நாளுக்கு மூன்று வேளை, அளந்து வைத்தேன். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. இரண்டு மாதத்தில் நொண்டல் நின்றது. இப்போது வயல் வரம்பில் எனக்கு முன்னால் ஓடுகிறான்.