மோட்டார்ஹோம் டாய்லட் டேங்க்: எப்படி வச்சிக்கணும், எங்க கொண்டுபோய் ஊத்தணும்

பேராக்ல எங்க சுங்கை சிப்புட் பக்கம் இப்ப நம்ம ஆளுங்க பழைய வேன், சின்ன பஸ்லாம் வாங்கி உள்ளயே தங்கி ஊர் சுத்துற கேம்பர் வண்டியா மாத்த ஆரம்பிச்சிட்டாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா படுக்கை எப்படி போட்டீங்க, சோலார் எத்தன வாட்டுன்னு அரை மணி நேரம் நின்னு கேக்குறவங்க டாய்லட் டேங்க் பத்தி மட்டும் வாய தொறக்க மாட்டேங்குறாங்க. இதுல வெக்கப்பட ஒன்னும் இல்லங்க, வண்டியில ரெண்டு பொம்பள பிள்ளைங்கள வச்சிக்கிட்டு பத்துமலைக்கு தைப்பூசத்துக்கு போய் பாருங்க, சொந்த டாய்லட்டோட அருமை அன்னிக்கு தெரியும்.

முதல்ல டேங்க் ரெண்டு. டாய்லட்ல இருந்து வர்றது பிளாக் டேங்க், சிங்க்லயும் குளிக்கிற எடத்துலயும் இருந்து வர்றது கிரே டேங்க். ரெண்டுக்கும் தனித்தனி வால்வு இருக்கும், இழுத்தா தொறக்கும், தள்ளுனா மூடும். என் வண்டியில பிளாக் 80 லிட்டர், கிரே 100 லிட்டர். நாங்க நாலு பேரு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவ, ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர்னு வச்சாலே 36 லிட்டர், அப்ப ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. இந்த கணக்க வீட்லயே போட்டுட்டு கெளம்புங்க, மீட்டர் லைட்ட நம்பாதீங்க, உள்ள பேப்பர் போய் சென்சார்ல ஒட்டிக்கிச்சின்னா காலி டேங்க்கையும் ஃபுல்லுன்னு காட்டும்.

இப்ப முக்கியமான விஷயம். பிளாக் டேங்க் வால்வ எப்பவும் மூடியே வச்சிருங்க, தண்ணி ஊத்துறதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. இத நான் கஷ்டப்பட்டுதான் கத்துக்கிட்டேன். ஒரு தடவ லுமுட் பக்கம் ஒரு கேம்ப்ல மூணு நாள் தங்குனோம், அங்க பைப்ப நேரா செப்டிக்ல மாட்டிக்கலாம்னு விட்டாங்க, நானும் சரி வசதியா போச்சின்னு வால்வ தொறந்தே வச்சிட்டேன். என்னாச்சின்னா தண்ணி மட்டும் ஓடிப் போயி கெட்டியானதெல்லாம் டாய்லட் குழாய்க்கு நேரா கீழ கோபுரம் மாதிரி குவிஞ்சிருச்சி. வீட்டுக்கு வந்து வண்டிய ரெண்டு வாரம் வெயில்ல போட்டேன், நம்ம ஊர் வெயில் தெரியுமே, 33, 34 டிகிரியில அது காஞ்சி செங்கல்லு மாதிரி ஆயிருச்சி. அப்புறம் டேங்க்ல முக்கால்வாசி தண்ணி நெரப்பி, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு மூடி ஊத்தி, ராத்திரி முழுக்க ஊற விட்டு, காலையில செம்பனைக் காட்டுக்குள்ள செம்மண் ரோட்டுல மெதுவா முக்கா மணி நேரம் ஓட்டுனேன். குண்டும் குழியுமா இருக்குற ரோடுதான் இதுக்கு நல்லது, தண்ணி உள்ள அடிச்சி அடிச்சி கரைச்சிரும். ரெண்டு தடவ இப்படி பண்ணுன பெறகுதான் டேங்க் சுத்தமாச்சி.

அதனால காலி பண்ணுன ஒடனே, அடுத்த ஆள் போறதுக்கு முன்னாடியே, பத்து பன்னெண்டு லிட்டர் தண்ணிய டாய்லட் வழியா உள்ள ஊத்திருங்க. அதோட என்சைம் வகை மருந்து போடுங்க. ஃபார்மல்டிஹைட் கலந்த மருந்து வேணாம், அது நாத்தத்த அமுக்கும், ஆனா நாளைக்கு நீங்க எந்த செப்டிக்ல ஊத்துறீங்களோ அங்க இருக்குற நல்ல கிருமியையும் கொன்னுரும், செப்டிக் வேல செய்யறதே அந்த கிருமியாலதான். பிளீச்சும் அதே கதைதான், அதுவும் வேற டாய்லட் மருந்தோட கலந்துட்டா வெஷ வாயு வரும், வண்டிக்குள்ள நெனச்சே பாக்காதீங்க. பேப்பர் மெல்லிசா, தண்ணியில போட்டா கரையிறதா இருக்கணும், ஒரு கிளாஸ் தண்ணியில போட்டு குலுக்கி பாருங்க, தூள் தூளா போனா சரி. வெட் டிஷ்யூ, பேட், பிள்ளைங்க பாம்பர்ஸ் எதுவும் உள்ள போகக் கூடாது, அதுக்கு மூடி போட்ட சின்ன தொட்டி வைங்க. நம்ம வீட்ல தண்ணி ஊத்தி கழுவுற பழக்கம்தானே, டேங்க்குக்கு அது ரொம்ப நல்லது.

நாத்தம் வந்தா மருந்த கூட்டிக்கிட்டே போகாதீங்க. முதல்ல கூரை மேல இருக்குற காத்து குழாய பாருங்க, குளவி கூடு கட்டியிருக்கும். அப்புறம் சிங்க் கீழ வளைஞ்ச பைப்ல தண்ணி காஞ்சிருக்கும், ஒரு கிளாஸ் ஊத்துனா போதும். டாய்லட் அடியில இருக்குற ரப்பர் சீல் காஞ்சி போயிருந்தா சிலிகான் கிரீஸ் தடவுங்க, சமையல் எண்ணெயோ வாசலினோ வேணாம். கித்தா காட்டுல வளந்தவங்களுக்கு இத சொல்லத் தேவையில்ல, எண்ணெ பட்ட ரப்பர் ஊதிப் போயி கெட்டுரும்.

சரி, எங்க ஊத்துறது? அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல இதுக்குன்னே டம்ப் ஸ்டேஷன் இருக்கு, நம்ம ஊர்ல அது ரொம்ப கம்மி. அதுக்காக ராத்திரியில வண்டிய ஓரங்கட்டி லோங்காங்ல, அதான் ரோட்டோர கால்வாய்ல, தொறந்து விடுறது பெரிய பாவம். லோங்காங்ல போறது மழைத் தண்ணி, அது எந்த சுத்திகரிப்புக்கும் போகாம நேரா ஆத்துக்கு போயிரும், எங்க ஊர்ல சுங்கை பிளஸ், அங்கேர்ந்து பேராக் ஆறு. எங்க அம்மா லயத்துல பொறந்து வளந்தவங்க, வாளி கக்கூஸ் காலத்த பாத்தவங்க. லோங்காங் ஓரமா வெளையாடுற பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு வந்து தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்கிட்ட தூக்கிட்டு ஓடுன கதைய இன்னிக்கும் சொல்லுவாங்க. இதக் கேட்டு வளந்துட்டு நான் எப்படி லோங்காங்ல ஊத்துவேன்?

நான் வீட்டுக்கு கொண்டு வந்துதான் ஊத்துறேன், செப்டிக்குக்கு முன்னால இருக்குற மேன்ஹோல்ல. செப்டிக் தாங்குமான்னு பயப்படாதீங்க, மலேசியாவுல கழிவு நீர் கணக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர்னு வச்சித்தான் போடுறாங்க, என் டேங்க் 80 லிட்டர் அதுல பாதி கூட இல்ல. ஆனா செப்டிக்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கச் சொல்லி கழிவுநீர் கம்பெனி இண்டா வாட்டர் சொல்றத கேளுங்க, நெறைஞ்சி கெடக்குற செப்டிக்ல ஊத்துனா பின்பக்கமா வெளிய வந்துரும். தூரமா போனா கோயில், மண்டபம், ஹோம்ஸ்டே எங்கயாவது முன்னாடியே கேட்டுக்குங்க. "அண்ணே, கிருமிய கொல்ற மருந்து கலக்கல, ஊத்திட்டு எடத்த கழுவி குடுத்துருவேன்"னு சொன்னா முக்காவாசி பேரு சரிம்பாங்க. சின்ன வேன்ல கேசட் டாய்லட், அதான் டேங்க தனியா கழட்டி எடுக்குற வகை, வச்சிருந்தா இன்னும் சுலபம், 15, 20 லிட்டர்தான், தூக்கிட்டு போயி சாதா டாய்லட்லயே மெதுவா ஊத்திரலாம்.

ஊத்துற அன்னிக்கு பிளாக் டேங்க் முக்கால்வாசியாவது இருக்கணும், கொறச்சலா இருந்தா தண்ணி ஊத்தி நெரப்பிக்குங்க, அப்பதான் வேகமா அடிச்சிட்டு போகும். கையுறை போடுங்க, சிகரெட் வேணாம், மேன்ஹோல் மேல குனிஞ்சி எட்டிப் பாக்காதீங்க, அந்த வாயு நல்லதில்ல. மூணு இன்ச் ஹோஸ வால்வுல மாட்டி திருப்புங்க, ஹோஸ் முனையில இருக்குற ரெண்டு கொக்கிக் காதும் டக்குன்னு உள்ள உக்காந்திருக்கான்னு கையால இழுத்து பாருங்க, இன்னொரு முனைய மேன்ஹோல் உள்ள விட்டு கல்ல வச்சி அமுக்குங்க, இல்லன்னா துள்ளி வெளிய வந்துரும். அப்புறம் பிளாக் வால்வ ஒரே இழுப்பா முழுசா தொறங்க. பாதி தொறந்தா தண்ணி போயி மத்தது தங்கிரும். சத்தம் முதல்ல கொப்பளிக்கும், அப்புறம் கொறஞ்சி சொட்டு சொட்டா வரும், அப்ப மூடுங்க. டாய்லட் வழியா ரெண்டு வாளி ஊத்தி திரும்ப ஒரு தடவ தொறந்து விட்டு மூடிருங்க. கடைசியாத்தான் கிரே. அந்த சோப்பு தண்ணி ஹோஸ கழுவிக் குடுத்துரும்.

ஹோஸ வண்டி பக்கத்துல இருந்து தோள் ஒசரத்துக்கு தூக்கி மேன்ஹோல் பக்கமா நடந்துகிட்டே வடிங்க, பிறகு கழட்டி சுத்தமா அலசி வெயில்ல காய வச்சி, தனி பெட்டியில போடுங்க. அத அலசுற தண்ணி பைப்புக்கு சிவப்பு டேப் சுத்தி வைங்க, குடி தண்ணி பைப்போட எந்த காரணத்துக்கும் ஒன்னா வைக்காதீங்க. மேன்ஹோல் மூடிய சரியா மூடிட்டு, சுத்தி தண்ணி அடிச்சி விட்டு, கைய சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க. அடுத்த பயணத்துக்கு அந்த பத்து லிட்டர் தண்ணிய இப்பவே ஊத்திட்டு வண்டிய நிப்பாட்டுங்க.