பின்பாரம் செய்த வேலை

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகரமும் ரிவெட்டும் பழகியவன் நான். இப்போது பல்லடத்தில் சொந்தமாக, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கேம்பர் டிரெய்லர் கட்டுகிறேன். இருவர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. தண்ணீர் நிரப்பினால் மொத்தம் 520 கிலோ.

முதல் வண்டியை உடுமலைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கேட்க வேண்டுமா? வேகம் 60 தாண்டியதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. கண்ணாடியில் ஒருமுறை இடது சக்கரம் தெரிந்தது, மறுமுறை வலது. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஸ்பிரிங், டயர் என்று சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீண். பட்டறைக்கு வந்த அப்பிச்சி (அம்மாவின் அப்பா), காரில் மாட்டும் கொக்கிப் பக்கத்தைச் சிரமமில்லாமல் தூக்கிவிட்டார். “பின்பாரம், கண்ணு. மாட்டு வண்டியாக இருந்தால் நுகம் மேலே போயிருக்கும்” என்றார்.

எடை மெஷினை இரவல் வாங்கிக் கொக்கிக்கு அடியில் வைத்தேன். 26 கிலோ, மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து. நூற்றுக்கு 10 முதல் 15 வரை வேண்டும். கள்ளன், குழாய்ச் செலவை மிச்சம் பிடிக்க மேடைக்கு அடியில் நானே வைத்த 60 லிட்டர் தொட்டி! அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்ததை அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் மாற்றிக் கட்டினேன். இப்போது 62 கிலோ. தொட்டி காலியானாலும் 50. அதே சாலையில் அதே காற்றில் ஆட்டமில்லை. மேடைக்குத் தண்ணீர் ஏற்ற 12 வோல்ட் பம்பு வாங்க வேண்டியதாயிற்று.