மக்காச்சோளம்: களத்துக்கு வந்த பிறகு செய்யும் தவறுகள்

உடுமலை, குடிமங்கலம் பக்கம் புதிதாக மக்காச்சோளம் போட்டவர்களைத் தை மாதக் களத்தில் பார்த்தால் எனக்கு மனசு பதறும். படைப்புழுவுக்கு மருந்தடித்து, காட்டுப்பன்றியை விரட்டிக் காப்பாற்றிய வெள்ளாமையைக் கடைசி ஒரு மாதத்தில் கெடுத்துக்கொள்கிறார்கள். மழைக்குத் தார்ப்பாய் போடுவதெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈரத்தோடு மூட்டை கட்டுவது

"காயப்போட்டா எடை கொறஞ்சுருமுங்கண்ணா" என்றார் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. எடை குறையும், உண்மைதான். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 93 கிலோ. போன ஏழு கிலோவும் தண்ணீர். தீவனத்துக்கு வாங்குபவர் ஈரம் பார்த்துத்தான் விலை பேசுவார். தண்ணீருக்கு யார் காசு தருவார்கள்?

தம்பி கேட்கவில்லை. விலை ஏறட்டும் என்று அடுக்கி வைத்தார். சில வாரம் கழித்து மூட்டைக்குள் கையை விட்டால் சூடு, புழுங்கல் வாடை, பச்சைப் பூசணம். வாங்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார். "செரி, மாட்டுக்குப் போட்டர்றனுங்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பூசணம் விடுவது அஃப்ளடாக்சின் நஞ்சு. கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. மாடு தின்றால் பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குழந்தை குடிக்கும். கோழியின் ஈரலைக் கெடுக்கும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். நஞ்சு ஏறாவிட்டாலும் சத்து போய்விடும்: எண்ணெயில் பெரும்பகுதி இருக்கிற முளைக்கருவைத்தான் பூசணம் பிடிக்கிறது.

விற்க 14 சதவீதம் போதும். மாசக்கணக்கில் வைக்க 12, 13-க்கு வர வேண்டும். ஈரமானி இல்லையென்றால், காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி சோளமும் கொஞ்சம் உலர்ந்த உப்பும் போட்டு மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல். திரும்பக் களத்தில் கொட்டுங்கள். சாயங்காலம் பனி இறங்குமுன் குவித்து மூடிவிடுங்கள்.

பச்சைக் கதிரை மெஷினில் விடுவது

மணி உடையும். உடைந்த மணியில்தான் பூசணமும் பூச்சியும் முதலில் ஏறும்.

வெறுந்தரையில் அடுக்குவது

பலகை போடுங்கள். சுவரை ஒட்டாதீர்கள்.

பழைய சாக்கு

தையலுக்குள் வண்டு இருக்கும். வெயிலில் போட்டு உதறுங்கள்.

வீட்டுக்குள் வண்டு மாத்திரை

குடியிருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வண்டைக் கொல்ல மூட்டைக்கு வைக்கும் அந்த மாத்திரை விடும் வாயு ஆளையும் கொல்லும்.