பாஸ் மார்க் 35, பைத்தான் கீவேர்டும் 35

மாலையில் பைத்தான் படிக்க வரும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதல் வாரமே மார்க் லிஸ்ட் புரோகிராம் கொடுத்துவிடுவேன். "பாஸ் மார்க்கை ஒரு மாறியில் போட்டு வை" என்று சொல்லிவிட்டு டீ போடப் போவேன். திரும்பி வருவதற்குள் யாராவது ஒருத்தர் 'பாஸ் = 35' என்று அடித்து, சின்டாக்ஸ் எரரைப் பார்த்து முழித்துக்கொண்டிருப்பார். (இங்கே தமிழில் எழுதுகிறேன், கணினியில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும்.)

அந்த எரரில் வரும் குறி சமக்குறிக்குக் கீழே நிற்கும். பிள்ளைகளும் பாவம், சமக்குறியையே அழித்து அழித்து அடிப்பார்கள். தப்பு அதற்கு இடப்பக்கம் இருக்கிறது. 'பாஸ்' என்ற சொல்லைப் பைத்தான் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது: 'இங்கே செய்ய எதுவுமில்லை, அடுத்ததுக்குப் போ' என்பது அதன் பொருள். அதை நாம் மாறிக்குப் பெயராக வைக்க முடியாது.

இப்படி ஒதுக்கிய சொற்கள், அதாவது கீவேர்டுகள், பைத்தான் 3.7 முதல் 35. நம் பாஸ் மார்க்கும் 35 என்பதால் எண்ணிக்கை மறக்காது. 35-ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். மாட்டிவிடுகிறவை சிலதான். பள்ளி விவரம் எழுதினால் 'கிளாஸ்'. பஸ் டிக்கெட் புரோகிராமில் 'டு' தப்பித்துவிடும், 'ஃப்ரம்' மாட்டும். இயற்பியல் கணக்கில் அலைநீளத்துக்கு 'லாம்டா' என்று பெயர் வைத்தாலும் இதே கதைதான்.

சந்தேகம் வந்தால் பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரின் ஷெல்லில் (அடித்த வரி உடனே ஓடும் ஜன்னல்) 'ஹெல்ப்' என்று அடித்து, அடைப்புக்குறிக்குள் மேற்கோளோடு 'கீவேர்ட்ஸ்' என்று கொடுங்கள். முழுப் பட்டியலும் வரும். அதைவிடச் சுலபம் நிறத்தைப் பார்ப்பது. ஐடிலின் வழக்கமான அமைப்பில் கீவேர்டு ஆரஞ்சு நிறத்தில் தெரியும். நீங்கள் வைத்த பெயர் ஆரஞ்சாக மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்றுக்கும் முதல் எழுத்து பெரிய எழுத்து. மற்ற 32-ம் முழுக்கச் சின்ன எழுத்து. பழைய பைத்தான் 2 புத்தகம் வைத்திருந்தால் அதில் 'பிரிண்ட்'டும் கீவேர்டாக இருக்கும். பைத்தான் 3-இல் அது சாதாரண ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தருவது), குழம்ப வேண்டாம்.

சரி, பெயருக்கு என்ன செய்வது? கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்த்து 'கிளாஸ்_' என்று எழுதுவது பைத்தான்காரர்களின் வழக்கம். எனக்கு 'பாஸ்_மார்க்' மாதிரி விளக்கமான பெயர்தான் பிடிக்கும். பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும்: 'வகுப்பு = 12' என்று தமிழிலேயே அடித்துப் பாருங்கள், ஓடும். பரீட்சைத் தாளில் மட்டும் வேண்டாம்.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. 'மேக்ஸ் = 100' என்று எழுதினால் எரரே வராது, ஏனென்றால் 'மேக்ஸ்' கீவேர்டு இல்லை; பைத்தானோடு வரும் ஃபங்ஷன். ஐடிலில் ஊதா நிறத்தில் தெரிவது இந்த வகை. பத்து வரி தள்ளி, வகுப்பில் அதிக மார்க்கைக் கண்டுபிடிக்க 'மேக்ஸ்(மார்க்ஸ்)' என்று அழைக்கும்போதுதான் " 'இன்ட்' ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்" என்று கத்தும். மேக்ஸ் இப்போது வெறும் 100. எண்ணைப் போய் எப்படி அழைப்பது? 'சம்', 'லிஸ்ட்', 'இன்புட்' எல்லாம் இதே ரகம். நான் கற்ற புதிதில் 'லிஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

ஃபைலில் அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள். ஷெல்லில் நேரடியாக அடித்திருந்தால் 'டெல் மேக்ஸ்' என்று கொடுங்கள், பழைய மேக்ஸ் திரும்பி வந்துவிடும். அந்த 'டெல்'லும் 35-இல் ஒன்று.