டிராஃப்ட் லீக்கில் சீசன் நடுவே வீரர்களை எடுப்பது எப்படி

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் நிலைத் தொடரான பிரீமியர் லீக்கின் அதிகாரப்பூர்வ ஃபேண்டஸி விளையாட்டில், நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறுகிறோம். அதில் முறைவைத்து வீரர்களைப் பிரித்துக்கொள்ளும் டிராஃப்ட் வடிவத்தை வழக்கமான வடிவத்திலிருந்து பிரிக்கும் முக்கிய விதி இது: சிலர் சேர்ந்து அமைக்கும் ஒரு லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். விலையும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது, கேப்டனும் கிடையாது. கோல் குவிக்கும் ஹாலண்டை ஒருவர் எடுத்துவிட்டால், அவர் விடுவிக்கும் வரை மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இதனால் டிராஃப்ட் நாளுக்கே எல்லோரும் முழுக் கவனத்தையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வரும் 38 வாரங்களை அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் அன்று எடுத்த 15 பேரும் மே மாதம் வரை அப்படியே நிற்பது அரிது. காயம், தடை, புதிய பயிற்சியாளர், ஜனவரி ஒப்பந்தங்கள் என்று ஒவ்வொன்றாக அணியைக் கலைத்துக்கொண்டே இருக்கும். யாரிடமும் இல்லாத வீரர்களின் பட்டியலிலிருந்து சரியான ஆளைச் சரியான வாரத்தில் எடுப்பவரே பெரும்பாலும் மேலே வருகிறார்.

முதலில் உங்கள் லீக்கில் எந்த இடத்துக்கான வீரர்கள் மிஞ்சியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் அணியிலும் 2 கோல்கீப்பர், 5 தடுப்பாட்டக்காரர், 5 நடுக்கள வீரர், 3 முன்கள வீரர் இருந்தாக வேண்டும். ஒருவரை எடுக்கும்போது அதே இடத்தைச் சேர்ந்த ஒருவரை விடுவிக்க வேண்டும். எட்டுப் பேர் விளையாடும் லீக்கில் 16 கோல்கீப்பர்கள் சொந்தமாகிவிடுவார்கள். பிரீமியர் லீக்கில் 20 அணிகள் இருப்பதால், முதல் தேர்வாக ஆடும் கோல்கீப்பர்களில் குறைந்தது நான்கு பேராவது எப்போதும் வெளியில் கிடைப்பார்கள். தடுப்பாட்டத்தில் 40 பேர் சொந்தமாகியிருப்பார்கள். அதே அளவு வழக்கமான வீரர்கள் வெளியிலும் இருப்பார்கள். முன்கள வீரர்கள் 24 பேர் எடுக்கப்பட்டிருப்பார்கள். இன்றைய அணிகள் பெரும்பாலும் ஒரே ஒரு முன்கள வீரருடன் களமிறங்குவதால், தொடர்ந்து ஆடும் முன்கள வீரர் எவரும் வெளியில் இருக்க மாட்டார் என்றே சொல்லலாம். ஆகவே கோல்கீப்பரையும் தடுப்பாட்டத்தின் கடைசி ஓரிரண்டு இடங்களையும் எதிரணியைப் பார்த்து வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம். தொடர்ந்து ஆடும் முன்கள வீரரை மட்டும் இரண்டு மோசமான வாரங்களுக்காக விட்டுவிடக் கூடாது. பத்துப் பேர் உள்ள லீக்கில் இதே கணக்கு மாறிவிடும்: 20 கோல்கீப்பர் இடங்கள் இருப்பதால் வெளியில் நல்லவர் எவரும் இல்லாமலே போகலாம்.

அடுத்தது ஆடும் நிமிடங்கள். போன வாரம் இரண்டு கோல் அடித்தவரை நோக்கி எல்லோரும் ஓடுவது இயல்பு. ஆனால் நாம் எடுப்பது அடுத்த வாரத்துக்கான ஆள். போன வாரப் புள்ளிகள் இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. 60 நிமிடத்துக்கு மேல் ஆடினால் 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1 புள்ளி. தடுப்பாட்டக்காரருக்கு க்ளீன் ஷீட்டின் (அணி கோல் வாங்காமல் இருப்பதன்) 4 புள்ளிகள் கிடைப்பதற்கும் அந்த 60 நிமிடம் அவசியம். 2022–23 சீசன் முதல் ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்பதால், பக்கவாட்டில் ஆடும் முன்கள வீரர்களைப் பயிற்சியாளர்கள் 58ஆவது, 65ஆவது நிமிடங்களில் வெளியே எடுப்பது சாதாரணமாகிவிட்டது. இதைவிட எரிச்சலூட்டுபவர் 85ஆவது நிமிடத்தில் களமிறங்குகிறவர். அவர் ஆடவே இல்லையென்றால் உங்கள் பெஞ்சிலிருந்து, அதாவது அந்த வாரப் பதினொருவரில் சேர்க்காமல் வைத்தவர்களிலிருந்து, ஒருவர் தானாக உள்ளே வந்திருப்பார். ஐந்து நிமிடம் ஆடி 1 புள்ளி எடுத்ததால் பெஞ்சில் இருந்த 8 புள்ளி வீணாகிவிடும். எனவே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய கடைசி நான்கைந்து ஆட்டங்களில் எத்தனை முறை தொடக்கத்திலேயே ஆடினார், எப்போது வெளியே எடுக்கப்பட்டார் என்பதைப் பாருங்கள். கோல் எண்ணிக்கையை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

நிமிடங்கள் உறுதியான பிறகு பொறுப்பு என்ன என்று பார்க்க வேண்டும். பெனால்டி யார் அடிக்கிறார், கார்னரும் ஃப்ரீ கிக்கும் யார் கையில் இருக்கின்றன, களத்தில் உண்மையில் எங்கே நிற்கிறார் ஆகிய மூன்றும் முக்கியம். கோல் பால்மர் (Cole Palmer) என்ற வீரரின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023 ஆகஸ்ட்டில் பலரும் டிராஃப்ட் நடத்தியபோது அவர் மான்செஸ்டர் சிட்டியில் நிலையான இடம் இல்லாத இளைஞர். செப்டம்பர் 1 அன்று செல்சிக்கு மாறினார். அக்டோபர் 7 அன்று பர்ன்லிக்கு எதிரான ஆட்டத்தில் செல்சிக்குக் கிடைத்த பெனால்டியை அவர்தான் அடித்தார். அதுதான் அந்த அணிக்காக அவர் போட்ட முதல் கோல். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு கோல். ஆட்டத்தைப் பார்த்தவருக்கோ, செல்சியின் பெனால்டி இனி யாருடையது என்பதற்கான அறிவிப்பு. அந்த சீசனில் அவர் 22 லீக் கோல்கள் அடித்தார். அவற்றில் 9 பெனால்டிகள்.

ஃபேண்டஸி பட்டியலில் ஓர் இடமும் களத்தில் வேறோர் இடமும் உள்ளவர்களைத் தேடுவது இன்னொரு வழி. தடுப்பாட்டக்காரர் கோல் அடித்தால் 6 புள்ளி, நடுக்கள வீரருக்கு 5, முன்கள வீரருக்கு 4. 2019–20இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் ஜான் லண்ட்ஸ்ட்ரம் தடுப்பாட்டக்காரர் என்று பட்டியலிடப்பட்டு, நடுக்களத்தில் ஆடி, 5 கோல்கள் அடித்தார். அணியின் க்ளீன் ஷீட் புள்ளிகளும் சேர்ந்து வந்தன. இவ்வளவு பெரிய பரிசு எல்லா ஆண்டும் கிடைக்காது. ஆனாலும் இடது பின்களத்தவர் என்று பெயர் பெற்ற ஒருவர் மூன்று தடுப்பாட்டக்காரர் அமைப்பில் முன்னேறி ஆடத் தொடங்குவது ஒவ்வொரு சீசனிலும் ஏதாவது ஓர் அணியில் நடக்கிறது. 2025–26 முதல் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. ஒரே ஆட்டத்தில் பந்தை அகற்றுதல், தடுத்தல், இடைமறித்தல், டேக்கிள் ஆகியவை சேர்ந்து 10 வந்தால் தடுப்பாட்டக்காரருக்கு 2 புள்ளி. பலவீனமான அணியின் நடுத் தடுப்பாட்டக்காரர் முன்பெல்லாம் தொடத் தகாதவராக இருந்தார். இப்போது நாள் முழுவதும் முற்றுகையில் நின்று 0–1 என்று தோற்றாலும் 4 புள்ளியோடு வருகிறார். வெளியில் எடுக்க ஆளில்லாமல் கிடக்கும் பெயர்களில் இப்படிப்பட்டவர்களே இப்போது சிறந்த மலிவுச் சரக்கு.

பயிற்சியாளர் மாறும் வாரத்தைக் குறித்து வையுங்கள். 2024 பிப்ரவரியில் ஆலிவர் கிளாஸ்னர் கிரிஸ்டல் பேலஸுக்கு வந்த பிறகு முன்கள வீரர் ஜான்-ஃபிலிப் மட்டேட்டா வேறு ஆளாகிவிட்டார். சீசன் முடிவில் இருந்த 16 லீக் கோல்களில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில் வந்ததுதான். புதிய பயிற்சியாளரின் முதல் இரண்டு ஆட்டங்களில் யார் தொடக்கத்தில் ஆடுகிறார் என்பதே போதுமான குறிப்பு. மூன்றாவது ஆட்டம் வரை காத்திருந்தால் வேறொருவர் எடுத்திருப்பார். ஜனவரி ஒப்பந்தங்களும் அப்படித்தான். 2020 ஜனவரி இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த புரூனோ ஃபெர்னாண்டஸ் 14 லீக் ஆட்டங்களில் 8 கோல்கள் அடித்தார். 2021இல் வெஸ்ட் ஹாமுக்குக் கடனாக வந்த ஜெஸ்ஸி லிங்கார்ட் 16 ஆட்டங்களில் 9 கோல்கள் அடித்தார். வெளிநாட்டு லீக்கிலிருந்து வருகிறவர் பழகிக்கொள்ள நாளாகும் என்று காத்திருப்பது வழக்கமான ஃபேண்டஸியில் நியாயம். டிராஃப்டில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை, ஏனென்றால் இருப்பது ஒரே ஒருவர்.

இனி வெய்வர், அதாவது யாரிடமும் இல்லாத வீரரைக் கேட்டு முன்கூட்டியே எழுதி வைக்கும் கோரிக்கை. அதிகாரப்பூர்வ விளையாட்டில் வெய்வர் கோரிக்கைகளுக்கான கெடு, கேம்வீக் (ஒரு சுற்று ஆட்டங்கள்) கெடுவுக்கு 24 மணி நேரம் முன்னதாக முடிகிறது. உங்கள் லீக்கின் தரவரிசையில் கீழே இருப்பவருக்கு முதல் உரிமை. அது முடிந்ததும் மீதமுள்ளவர்கள் ஃப்ரீ ஏஜென்ட் (உடனே எடுக்கக்கூடியவர்) ஆகிறார்கள், முந்தியவருக்கே ஆள். இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் உங்கள் இடத்துக்கேற்ப வேறு வேறு உத்தி தேவைப்படும் என்பது தெரியும். கடைசி இடங்களில் இருப்பவர் எல்லோரும் விரும்பும் பெயரைத் துணிந்து கேட்கலாம். முதலிடத்தில் இருப்பவருக்கு அந்தப் பெயர் வந்து சேரவே சேராது. அவர் ஒரு வாரம் முன்னதாக யோசிக்க வேண்டும்: இன்று பேசப்படாத, அடுத்த வாரம் பேசப்படப்போகிற ஆளை இந்த வாரமே பெஞ்சில் வைத்துக்கொள்வதுதான் அவருக்கான வழி.

கோரிக்கைகளை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையும் உள்ளே வருபவர் ஒருவர், வெளியே போகிறவர் ஒருவர் என்ற ஜோடி. ஓர் இடத்தைத்தான் மாற்ற விரும்புகிறீர்கள் என்றால், வெளியே போகிறவராக ஒரே பெயரை வைத்து, உள்ளே வருபவர்களாக மூன்று பெயர்களை விருப்ப வரிசையில் மூன்று கோரிக்கைகளாக எழுதுங்கள். முதல் பெயர் கிடைத்தால் மற்ற இரண்டும் தாமாகவே செல்லாமல் போகும். கிடைக்காவிட்டால் இரண்டாவது பெயருக்கு நகரும். மூன்றிலும் வெவ்வேறு ஆட்களை வெளியே போகிறவர்களாகக் குறித்துவிட்டால், மூன்று பேரும் வந்து, விட விரும்பாத இருவரும் போய்விடக்கூடும்.

நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் ஆட்டம் சனிக்கிழமை என்றால் வெய்வர் கெடு வெள்ளிக்கிழமை காலையிலேயே, பிரிட்டன் நேரப்படி, முடிந்துவிடும். பல பயிற்சியாளர்களின் செய்தியாளர் சந்திப்போ அன்றுதான் நடக்கிறது. அதாவது வெய்வரை அரைகுறைத் தகவலோடுதான் எழுதுகிறோம். ஒரு வீரர் பயிற்சிக்கு வரவில்லை என்ற செய்தி வெள்ளி மதியம் வெளியாகும்போது, அவருக்குப் பதிலாக ஆடக்கூடியவரை ஃப்ரீ ஏஜென்டாக எடுக்க ஒரு நாள் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வெய்வர் முடிந்ததும் செயலியை மூடிவிடுவார்கள். அந்த ஒரு நாளில் பத்து நிமிடம் செலவிடுவது, என் கணிப்பில், சீசன் முழுவதும் வேறெந்த வேலையையும்விடப் பலன் தரும்.

எடுப்பதைவிட விடுவது கடினம். நாம் விடும் வீரர் நாளை எதிராளியின் அணியில் நிற்பார் என்பதை மறக்கலாகாது. ஐந்து மஞ்சள் அட்டையால் ஓர் ஆட்டத் தடை பெற்றவரை விடுவது அவசரப்படுவது. தசைக் காயத்தால் ஆறு வாரம் இல்லை என்றால், அவர் உங்கள் முதல் மூன்று தேர்வுகளில் ஒருவராக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காயமடைந்தோருக்குத் தனி இடம் இந்த விளையாட்டில் இல்லை என்பதால், இருவருக்கு மேல் இப்படிச் சுமந்தால் பெஞ்ச் காலியாகிவிடும். 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை ஆப்பிரிக்கக் கோப்பை நடந்தது போன்ற காலங்களில் போகிறவர்கள் யார் என்பது முன்கூட்டியே தெரியும். அவர்களை விடத் தேவையில்லை. அவர்களுக்குப் பதிலாக ஆடப்போகிறவரை நவம்பரிலேயே எடுத்து வைக்கலாம். விடத் தகுந்தவர் பெரும்பாலும் பெயர் பெற்றவராகத்தான் இருப்பார்: டிராஃப்டில் நான்காவது சுற்றில் எடுத்தோம் என்ற ஒரே காரணத்துக்காக, பத்து வாரமாகத் தன் நிஜ அணியில் பெஞ்சிலிருந்தே களமிறங்கிக்கொண்டிருக்கும் அந்த நட்சத்திரம்.

கோப்பைப் போட்டிகளால் லீக் ஆட்டங்கள் தள்ளிப்போகும் மாதங்களில், எந்த அணிக்கு ஆட்டமே இல்லை, எந்த அணி ஒரே கேம்வீக்கில் இரண்டு முறை ஆடுகிறது என்று மூன்று வாரம் முன்னதாகப் பாருங்கள். இரட்டை ஆட்டம் உள்ள சாதாரணத் தடுப்பாட்டக்காரர், ஓர் ஆட்டம் மட்டுமே உள்ள நல்லவரைவிட அந்த வாரத்துக்கு மேல். ஏப்ரல் முடிந்த பிறகு எதிர்காலத்துக்காக யாரையும் வைத்திருப்பதில் பொருளில்லை. காயத்தில் இருக்கும் பெரிய பெயரைத் தயங்காமல் விடலாம். கடைசி நாளில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஆடும் பதினொருவர் பட்டியல் கெடு முடிந்த பின்தான் வெளியாகும். எதற்கும் போட்டியிடாத நடுநிலை அணிகள் அன்று இளைஞர்களை இறக்கிப் பார்க்கும். ஆகவே அந்த வாரக் கோரிக்கைகளில், கீழ் நிலை லீக்குக்கு இறக்கப்படுவதைத் தவிர்க்கவோ ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெறவோ புள்ளி தேவைப்படும் அணிகளின் வழக்கமான ஆட்டக்காரர்களை முதலில் எழுதுங்கள்.