காதலிக்கும்போது காசைப் பார்த்துக்கொள்வது எப்படி? டெல்டா கல்லூரி மாணவர்களுக்குப் படிப்படியாக

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே பலருக்கு இரண்டு விஷயங்கள் புதிதாக வந்து சேர்கின்றன. ஒன்று, தன் பேரில் வங்கிக் கணக்கும் போனில் ஜிபேயும். இன்னொன்று காதல். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் படிக்கிற தம்பி தங்கைகளே, காதலியுங்கள். அதற்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: வீட்டுக்கு எந்த மாதம் காசு வருகிறது என்று எழுதுங்கள்

மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குப் போட்ட பட்ஜெட் நம் ஊர் விவசாய வீட்டுக்கு ஒத்துவராது. இங்கே காசு அறுவடையோடுதான் வரும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். குறுவைக்கு உழவு, விதை, நடவுக் கூலி என்று வீட்டில் காசு கரைகிற அதே சமயத்தில்தான் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கும். அம்மாவின் சங்கிலி நகைக்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போவதும் பல வீடுகளில் அப்போதுதான்.

அடுத்தது பிப்ரவரி. 14-ம் தேதி காதலர் தினம். டெல்டாவில் அது சம்பா அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயவையுங்கள் என்று சொன்னதால் அப்பா தார்ப்பாயோடு காத்துக் கிடப்பார். நெல் போட்ட பிறகும் பணம் உடனே கணக்கில் ஏறிவிடாது. அந்த நேரத்தில் போன் போட்டு, "ப்ராஜெக்டுக்கு ரெண்டாயிரம் வேணும்ப்பா" என்று கேட்காதீர்கள். அவர் இல்லை என்று சொல்ல மாட்டார். யாரிடமாவது கைமாற்று வாங்கி அனுப்புவார். கூலி வேலைக்குப் போகிற வீடு என்றால் நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கையில் வருவதைப் பிரித்து வையுங்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022 முதல்), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்). வீட்டிலிருந்து 1,500 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,500. பஸ்ஸுக்கு 600, ரீசார்ஜுக்கு 300, ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டுக்கு 400, தேர்வுக் கட்டணத்துக்கு 400 போனால் மிச்சம் 800. அதில் பாதியைத் தொடாதீர்கள். மீதி 400, அதாவது வாரம் 100 ரூபாய், காதலுக்கு.

28 நாள் ரீசார்ஜ் வருடத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை வரும். அதையும் கணக்கில் வையுங்கள். தேர்வுக் கட்டணப் பணத்தை ஜிபேயில் இணைக்காத கணக்கில் போடுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கிவிடலாம்.

வாரம் நூறு ரூபாய் போதுமா என்றால், தாராளமாகப் போதும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சாயங்காலம் தாராசுரம் புல்வெளியில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, திரும்பும்போது ஆளுக்கொரு டிகிரி காபி குடித்தாலும் கையில் மிச்சம் இருக்கும்.

படி 3: காதலிப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்

கஷ்டமான படி இதுதான். வெட்கப்பட்டுக்கொண்டு இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பிறகு கடனில் மாட்டுகிறார்கள். நிறையப் பேச வேண்டாம். "எங்க வீட்ல இப்ப காசு டைட்டா இருக்கு. அறுப்பு முடியற வரைக்கும் பெருசா எதுவும் வாங்க முடியாது. உங்க வீட்ல எப்படி?" கடைசிக் கேள்வி முக்கியம். எதிரில் இருப்பவரும் பல நாளாக இதையே சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கலாம்.

சொன்னபிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். "சரி, அடுத்த வாரம் நான் குடுக்கறேன்" என்று வந்தால் நல்லது. பையன்தான் எப்போதும் செலவு செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அவன் டிக்கெட் எடுத்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசித்து, சந்திக்கிற இடத்தை முடிவு செய்யுங்கள். ஒருமுறை முகம் சுளித்தால் விட்டுவிடலாம். "இதுகூட உன்னால முடியாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறவரோடு காலம் தள்ளுவது கஷ்டம். பணத்தைப் பொறுத்தவரை அந்தக் குணம் கல்யாணத்துக்குப் பிறகும் மாறும் என்று நம்பாதீர்கள்.

படி 4: கடன் என்றால் கணக்குப் போடுங்கள்

பிறந்தநாளுக்குப் போன் வாங்க 10,000 ரூபாயை மூணு வட்டிக்கு எடுத்தால் மாதம் 300. வருடத்துக்கு 3,600, அதாவது 36 சதவீதம். அசல் அப்படியே நிற்கும். லோன் ஆப் இன்னும் மோசம். கடன் ஆப் எதுவும் உங்கள் போனிலுள்ள தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் எடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அனுமதி கேட்டால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. அவன் பைக் தவணைக்காக உங்கள் தோட்டையோ செயினையோ கழற்றிக் கொடுக்காதீர்கள். அடகுச் சீட்டு அவன் பேரில் இருந்தால் நகையை மீட்பது உங்கள் கையில் இருக்காது. வீட்டில் கேட்கும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

படி 5: பின் நம்பர் யாருக்கும் இல்லை

யுபிஐ பின்னைக் காதலுக்கு அத்தாட்சியாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். "உன் கணக்குல ஒரு தொகை வரும், எடுத்துக் குடு, கமிஷன் தர்றேன்" என்று யார் கேட்டாலும், காதலிப்பவரே கேட்டாலும், கூடாது. மோசடிப் பணம் என்றால் கணக்கை முடக்குவார்கள், வழக்கும் உங்கள் பேரில் வரலாம். உதவித்தொகையும் அதே கணக்கில்தான் வருகிறது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

படி 6: பிரிய நேர்ந்தால்

கைமாற்றாக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். பரிசாகக் கொடுத்ததைக் கேட்காதீர்கள். அன்றைக்கே போன் லாக்கையும் யுபிஐ பின்னையும் மாற்றி, உங்கள் போனில் பதிந்திருக்கும் அவர் கைரேகையை நீக்குங்கள். போட்டோவைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930-லும், பெண்கள் மகளிர் உதவி எண் 181-லும் சொல்லலாம். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்தால் நம்பிக்கையான ஒரு பேராசிரியரையோ அக்காவையோ கூட அழைத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள்.